நாளொரு நாழிகை: தோட்டத்து மிருதங்க மாணாக்கர்க்கு

ராகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், மிருதங்கம் பயிலவேண்டுமென்னும் பெருவிருப்போடு வந்து, அரும்பாடுபட்டு ஒரு கருவியும் வாங்கி, மூன்று நான்கு திங்கள் கழியுமுன்னரே அதனை உறையிலிட்டுச் சுவரோரஞ் சாத்திவிட்ட இளைஞர் பலரை யாம் கண்டிருக்கின்றேம். காரணம் வினவின் அவரெல்லாரும் ஒருபடித்தாகவே விடையிறுப்பர்: “சாதகம் பண்ண நேரம் இல்லீங்க ஐயா.” இவ்விடை சோம்பலின் வழிவந்த சாக்கென்று யாம் முன்னர்க் கருதியிருந்தேம். அங்ஙனங் கருதியது எமது பிழையே. பொழுது உண்மையிலேயே குறைவு. அக்குறைந்த பொழுதை எவ்வாறு பயன்படுத்துவதென்று அவர்க்குக் கற்பியாது விட்டவர் யாம். ஒவ்வொருவனும் இங்ஙனம் கைவிடுந்தோறும் நேர்வதென்ன? தோட்டத்துக் கோயிற் றிருவிழாவுக்குத் தொலைவிலிருந்து வாத்தியகாரரை வரவழைத்துக் கூலித் தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுக்கவேண்டியதாகின்றது. மார்கழி வைகறையிலோ பஜனைக் கூட்டம் சிங்கி யோசையொன்றையே துணைக்கொண்டு லயங்களைச் சுற்றி வருகின்றது. இக்குறை நீங்குதற்கு வழி உண்டென்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதற்கண், தோட்டத்து இளைஞன் ஒருவனது நாளை உள்ளவாறே எண்ணிப் பார்த்தல் வேண்டும். விடியுமுன் எழுதல், தண்ணீர் எடுத்தல், பிரட்டுக்களத்திற்குச் செல்லல், மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்தல், அன்றேற் கவ்வாத்து, முள்ளுக்குத்து முதலிய வேலை, மாலையிற் கொழுந்து நிறுத்துமுடித்து, செங்குத்தான பாதையில் லயத்துக்கு மீளுதல். மீண்டபின்னரும் விறகு, அடுப்பு, தம்பி தங்கையர் பாடம். பெண்மக்களாயின் இவற்றினும் இருமடங்கு. பாடசாலை மாணாக்கர்க்கோ தேர்வென்னுஞ் சுமை. கொழும்பிற் கடைகளில் வேலைக்குச் சென்றோர் தீபாவளிக்கும் பொங்கலுக்குமே வீடு காண்பர். இவருட் யாரிடத்தும் சென்று நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் சாதகஞ் செய்கவென்று கூறுவது, பசித்தோனுக்குப் பஞ்சாங்கம் படித்துக் காட்டுவது போலாம்.

நான்கு மணி யென்னும் அவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது? இசையையே குலத்தொழிலாகக் கொண்ட இல்லங்களிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்து இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களில் நாகசுரமும் தவிலும் வழிவழியாகப் பயின்ற குடும்பங்கள் பல உள. தமிழுலக முழுதும் புகழ்பெற்ற தவில் வித்துவான் தட்சிணாமூர்த்தி (1933-1975) அவர்கள் அத்தகைய சூழலிற் றோன்றியவரே. அவ்வில்லங்களிற் பிறந்த மகவு தொட்டிலிற் கிடக்கும்போதே சொற்கட்டினைக் கேட்கின்றது. தந்தையும் மாமனும் மரக்கட்டையிற் றட்டிப் பழகுவதைக் கண்டு தானும் தட்டுகின்றது. அதற்குச் சாதகமென்று தனிப்பொழுது ஒன்று வேண்டுவதில்லை, வீடே பள்ளி. அவர்தம் நாளை அளவுகோலாகக் கொண்டு நம் நாளை அளப்பது முறையன்று. 1993ஆம் ஆண்டில் எரிக்சன் என்னும் உளநூலாரும் அவர்தம் துணைவரும் பெர்லின் நகரத்து இசைக்கல்லூரியில் வயலின் மாணாக்கரை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையும், சிறந்தோர் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்றரை மணி தனித்துப் பயின்றனரென்றே கூறுகின்றது. ஆயின் அம்மாணாக்கர் அதனை ஒரேமூச்சிற் பயிலாது இடையிடையே இளைப்பாறி, பகலில் உறங்கியும் பயின்றனரென்பதும் அக்கட்டுரையிலேயே உளது. முன்னதைப் பலரும் எடுத்தோதுவர். பின்னதைச் சொல்வார் சிலரே. அவரோ இசையே தொழிலாக வாழப் புகுந்தோர். நாம் வேண்டுவது பஜனைக்கும் பண்ணிசைக்கும் பிழையின்றி வாசிக்கும் ஒரு கை.

இனி, நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகையாவது 24 நிமிடம். அறுபதில் ஒன்றை மிருதங்கத்திற்குக் கொடுக்க இயலாதவர் மிகச் சிலரே யாவர். நாள்தோறும் ஒரு நாழிகை பயில்வோன் ஓராண்டில் 8,760 நிமிடம், அஃதாவது 146 மணிநேரம் பயின்றவனாகின்றான். ஞாயிறுதோறும் மட்டும் இரண்டு மணிநேரம் பயில்வோனுக்கு ஆண்டில் 104 மணியே சேரும். இக்கணக்கு ஒருபுறமிருக்க, மணிகள் ஒத்திருப்பினும் பயன் ஒவ்வாதென்பதே யாம் வற்புறுத்த விரும்புவது.

இதற்கு இசையுலகிற்குப் புறம்பானதொரு சான்று உண்டு. பிரித்தானிய நாட்டு அஞ்சற் பணியாளர்க்குத் தட்டெழுத்து விசைப்பலகை பயிற்றவேண்டி நேர்ந்தபோது, பாட்லி, லாங்மன் என்னும் ஆய்வாளர் இருவர் அவரை நான்கு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவினர் நாளொன்றுக்கு ஒரு மணியே பயின்றனர். மற்றொரு குழுவினர் இவ்விரண்டு மணியாக இருமுறை, ஆக நான்கு மணி பயின்றனர். ஏனை யிரு குழுவும் இவற்றிடைப்பட்டன. 1978இல் வெளிவந்த அவ்வாய்வின் முடிபு யாதெனின், ஒரு மணி பயின்றோர் விசைப்பலகையைக் கற்றுத்தேறச் செலவிட்ட மொத்த மணிகள் நான்கு மணி பயின்றோர் செலவிட்டவற்றினுங் குறைந்தன என்பதாம். நாட்கள் மிகுந்தன, மணிகள் குறைந்தன. இதனினும் சுவையானதொன்று அவ்வாய்விற் கண்ட பிறிதொரு செய்தி. தத்தம் பயிற்சிமுறையைப் பற்றி வினவியபோது, மிகக் குறைந்த மனநிறைவு கொண்டிருந்தோர் அவ்வொரு மணிக் குழுவினரே! நன்கு கற்றவரே தாம் பின்தங்குவதாக எண்ணினர். மூன்று திங்களில் மிருதங்கத்தைச் சாத்திவிட்ட நம் இளைஞர் நெஞ்சில் நிகழ்ந்ததும் இதுவேயெனத் துணிகின்றேம். நாள்தோறும் சிறிதளவே பயில்வோன் தன் வளர்ச்சியைத் தான் காணமாட்டான். முளைத்த செடியை நாடோறும் நோக்குவோனுக்கு அது வளர்வது புலனாகாதவாறு போல.

உறக்கமும் ஆசிரியனே. விரல்களால் ஒரு வரிசையை மாலையிற் பயின்றவரை இரவு உறங்கியெழுந்தபின் சோதித்தபோது, இடையிற் பயிலாதிருந்தும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு விரைவு கூடியிருந்ததென 2002இல் வாக்கர் என்பாரும் பிறரும் கண்டு எழுதினர். பகலில் அத்துணை நேரமும் விழித்திருந்தவர்க்கு அவ்வளர்ச்சி நிகழவில்லை. ஆகவே, நாழிகையை இரண்டாகப் பகுத்துப் பாதியை இரவு உறங்கச் செல்லுமுன்னும், பாதியைப் பிரட்டுக்குச் செல்லுமுன்னும் வைத்துக்கொள்ளுதல் நன்று. இரவிற் பயின்றதனையே காலையில் ஒருமுறை தொட்டுப் பார்க்க. ‘நேற்று வராத சொல் இன்று தானே வந்ததே!’ என்று மாணாக்கர் வியப்பதனை யாம் பலகால் கேட்டுள்ளேம்.

இனிச் செயன்முறைக்கு வருவாம்.

குறைந்த பொழுதை விழுங்குவது பெரும்பாலும் பயிற்சியன்று, பயிற்சிக்கு முன்னுள்ள ஆயத்தமே. உறையை அவிழ்த்தல், தொப்பிக்கு ரவை பிசைந்து ஒட்டுதல், கல்லும் கட்டையுங் கொண்டு வலந்தலையைச் சுருதிக்குத் தட்டுதல் என இவற்றிற்கே அரை நாழிகை கழிந்துவிடும். பின்னர் ரவையைச் சுரண்டித் துடைத்தலும் வேண்டும். ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட இம்மலையில், மூடுபனி லயத்துக்குள்ளும் புகுந்துலாவுங் காலத்துத் தோல் ஈரமேறித் தளர்தலின், தாழ்ந்த நாட்டினும் இங்கே இவ்வேலை மிகுதி. தப்பைத் தீயிற் காய்ச்சுவதைக் கண்டு பழகிய மாணாக்கனொருவன் மிருதங்கத்தையும் அடுப்பருகே நிறுத்திவைத்தான். இரண்டு நாளில் வலந்தலை வெடித்தது. புதுத்தோல் போடுதற்கு ஒரு திங்கட் கூலியிற் பெரும்பகுதி சென்றது. அடுப்புக் கனல் தப்புக்கு ஆகும், மிருதங்கத்திற்கு ஆகாது. கம்பளித் துணியிற் சுற்றித் தரையினின்று உயர்த்தி வைப்பதே போதும்.

ஆதலின் யாம் கொண்ட முறை, கிழமை நாட்களிற் கருவியையே தொடாதிருத்தல்! இதனைக் கேட்டுச் சிலர் நகைத்தனர். தவில் பயில்வோர் மரக்கட்டையிற் றட்டிப் பழகுவது யாவரும் அறிந்ததே. அவ்வாறே, ஒரு முழப் பலகையின் இருமுனையிலும் பழைய ரப்பர்த் துண்டு ஒவ்வொன்று அறைந்து, மடியிற் குறுக்கே வைத்துப் பயிலுமாறு செய்தேம். விரல் விழும் இடமும் அடியின் அளவும் கைவரிசையும் அதிற் படியும். மீட்டு, சாப்பு முதலிய நாதச்சொற்களின் இனிமை பலகையிற் பிறவாது. அதற்கு ஞாயிற்றுக்கிழமை உளது. பலகையின் மற்றொரு நலம், அடுத்த காம்பிராவில் உறங்குவோரை அஃது எழுப்பாமை. ஒரே கூரையின்கீழ் ஒரு சுவரே இடையாக வாழும் லயத்தில் இஃது அற்பமான செய்தியன்று. ஓரிரவு ஒன்பது மணிக்குமேல் ஒருவன் கருவியை முழக்க, காய்ச்சலிற் கிடந்த குழந்தையின் தாய் வந்து முறையிட, அதனாற் பெருகிய பிணக்கு கோயிற் கூட்டம்வரை சென்று, அவ்வாண்டு முழுதும் வகுப்பே நின்றுபோயிற்று. குற்றம் அவனதன்று. எப்பொழுது எதனை வாசிக்கவேண்டுமென்று யாம் சொல்லிக்கொடுத்திலேம்.

பலகைக்கும் முற்பட்டது வாய். சொற்கட்டினை வாயாற் சொல்லிக் கையாற் றாளமிட்டுக் கொள்ளுதல் நம் தாளவியலின் அடிப்படை. வாயில் வாராத சொல் கையில் வாராது. வாயிற் றெளிந்தது பாதி கையிற் றெளிந்ததேயாம். கருவியில்லாப் பயிற்சியும் பயிற்சியே யென்பதற்கு மேனாட்டுச் சான்றொன்று காட்டுதும். 1995இல் பாஸ்குவல்-லியோன் முதலியோர், பியானோ வாத்தியத்தில் ஐவிரற் பாடமொன்றை ஒரு சாரார்க்குக் கையால் வாசிக்கவும், மற்றொரு சாரார்க்குக் கை அசையாமல் மனத்தினால் மட்டுமே வாசிக்கவும் நாளுக்கு இரண்டு மணியாக ஐந்து நாள் விதித்தனர். மனத்தாற் பயின்றோர் கையாற் பயின்றோர்க்குச் சிறிது பிற்பட்டனராயினும், பின்னர் ஒரேயொரு முறை கையாற் பயின்ற அளவில் அவரை எட்டிவிட்டனர். மூளையில் விரல்களுக்குரிய பகுதியில் நேர்ந்த மாறுதலும் இரு சாரார்க்கும் ஒத்திருந்தது.

தோட்டத்துத் தொழிலாளிக்கு இஃது எத்துணைப் பெரும்பேறு! கொழுந்தெடுக்கையில் இருகையும் ஓயாது இயங்கும், வாயோ ஓய்ந்திருக்கும். மலைக்கு ஏறும் வழியும் இறங்கும் வழியும் காலடியே தாளமாகும். ஆனாய நாயனார் ஆனிரை மேய்த்துக்கொண்டே குழலில் ஐந்தெழுத்தை இசைத்தருளினாரென்று பெரியபுராணம் கூறும். அவர் தொழிலை விட்டு இசைக்குச் சென்றவரல்லர். ஒன்றுமட்டும் எச்சரிக்கின்றேம்: கவ்வாத்துக் கத்தி கையிலுள்ளபோது சொற்கட்டு வேண்டா. மூன்றாங் காலத்திற் சொல்லிக்கொண்டு கத்தி வீசியவனொருவனது இடக்கைக் கட்டுவிரலில் இன்றும் தழும்பு உண்டு.

வழிநடையிற் சொல்லுதற்கு எடுத்துக்காட்டு ஒன்று தருகின்றேம். ஆதிதாளம் எட்டு அட்சரம். முதற் காலத்தில் அட்சரத்துக்கு ஒரு சொல்லாகத் ‘தகதிமி’ என்பதனைச் சொல்லின் ஓர் ஆவர்த்தனத்தில் இருமுறை அடங்கும். இரண்டாங் காலத்தில் நான்கு முறை. மூன்றாங் காலத்தில் எட்டு முறை. இஃது எளிது. இனித் ‘தகிட’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லை அதே முதற் காலத்தில் எட்டட்சரத் தாளத்திற் சொல்லுக. முதல் ஆவர்த்தன முடிவில் அது சமத்துக்கு வாராது, இரண்டாவதிலும் வாராது, மூன்றாவது முடிவில், எட்டாவது ‘தகிட’ நிறையும்போதே சமம் கூடும். ‘தகதகிட’ என்னும் ஐந்தெழுத்துக்கோ ஐந்து ஆவர்த்தனம் வேண்டும். தாளத்தை நிறுத்தாமலும் சொல்லை விழுங்காமலும் இவ்விரண்டனையும் மூன்று காலத்திலும் சொல்லப் பழகியவன், பின்னர் எத்தீர்மானத்தையும் அஞ்சான். ‘ததிங்கிணதொம்’ என்பது ஐந்து மாத்திரை. மும்முறை சொல்லின் பதினைந்து. பதினாறு மாத்திரை யெஞ்சியிருக்கையில் ஒரு மாத்திரை வாளாவிருந்து தொடங்கின் மும்முறையும் நிறைந்தவுடன் சமம் வரும். இடையிடையே இவ்விரண்டு மாத்திரை விட்டுச் சொல்லின் பத்தொன்பதாகும். அப்பொழுது முப்பத்திரண்டில் எத்தனை கழித்துத் தொடங்குவதென்பதனை மாணாக்கர் கொழுந்து நிறுக்கக் காத்துநிற்கும் பொழுதிற் கணக்கிட்டுக் கொள்க. திருப்புகழ் மனப்பாடமாகவுள்ளோர்க்கு இன்னும் எளிது. அருணகிரிநாதர் அருளிய சந்தங்கள் பலவும் தாமே சொற்கட்டாக நடப்பன. பாடிக்கொண்டே தாளமிட்டாற் பயிற்சியும் வழிபாடும் ஒருங்கே நிகழும்.

அடுத்துப் பிழை திருத்துமாறு. குறைந்த பொழுதுடையோர்க்கு இதனினும் முதன்மையானது பிறிதில்லை யென்பது எம் துணிபு. மாணாக்கர் பெரும்பாலோர் பாடத்தை முதலிலிருந்து தொடங்கி, இடறும் இடம்வரை வந்து, இடறியதும் நாணி, மீண்டும் முதலிலிருந்தே தொடங்குவர். பத்துமுறை இங்ஙனஞ் செய்தால், முன்பே நன்கு வந்த தொடக்கம் பத்துமுறை பயிலப்படுகின்றது. இடறலும் பத்துமுறை பயிலப்படுகின்றது. கை எதனைச் செய்கின்றதோ அதனையே கற்கின்றது. இது சரி, இது தவறென்று அதற்குத் தெரியாது. 2009இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டியூக் முதலியோர், பியானோ மாணாக்கர் பதினெழுவர்க்கு ஒரு கடினமான சிறு பகுதியைக் கொடுத்துப் பயிலவிட்டு, மறுநாள் வாசிக்கச் செய்து தரம்பிரித்தனர். சிறந்தோர் மிகுந்த நேரம் பயின்றவருமல்லர், மிகுந்த முறை வாசித்தவருமல்லர். அவர் செய்தது, பிழை நேர்ந்த இடத்தை உடனே கண்டு, வேகத்தைக் குறைத்து, அது நிலைபெறும்வரை அவ்விடத்தை விடாமற் றிருத்தியமையே.

ஆகவே, இடறும் சொல்லுக்கு ஈரட்சரம் முன்னே நின்று தொடங்குக. ஈரட்சரம் பின்னே சென்று நிறுத்துக. தவறாது வருமளவு வேகத்தைத் தாழ்த்துக; தொடர்ந்து ஐந்துமுறை செவ்வனே வந்தபின்னர்ச் சிறிது உயர்த்துக. மூன்று காலத்தில் வாசிக்கும் நம் மரபு வித்தை காட்டுதற்கு எழுந்ததன்று. முதற் காலத்தில் மறைந்துநின்ற பிழையை மூன்றாங் காலம் வெளிப்படுத்தும். மூன்றாங் காலத்தில் வெளிப்பட்டதனை முதற் காலமே திருத்தும். முதற் காலத்தைச் சிறுபிள்ளைப் பாடமென்று வெறுத்துத் தாவுகின்ற மாணாக்கரை யாம் இன்னும் முழுதும் திருத்தியபாடில்லை. இளமையின் இயல்பு அது போலும்.

ஒரு நாழிகை முழுதும் ஒரே பாடத்தையும் அரைத்துக்கொண்டிருத்தல் ஆகாது. புதியது சிறிது, நேற்றையது சிறிது, சென்ற திங்களது சிறிதென மாற்றி மாற்றிப் பயில்க. அன்று சிறிது தடுமாற்றமாகத் தோன்றினும் பின்னாளில் நினைவில் நிற்பது இதுவே. முடிவில் ஓரிரு நிமிடம், மனம்போன போக்கில், ஒரு பாட்டை முணுமுணுத்து அதற்கு வாசித்து மகிழ்க. இம்மகிழ்ச்சியை விலக்கிய வகுப்பில் மாணாக்கர் நிலையார்.

ஞாயிற்றுக்கிழமை கருவிக்குரியது. அன்று ரவை பிசையவும் சுருதி கூட்டவும் ஆறுதலாகப் பொழுது உண்டு. அன்று செய்யத்தக்கது தனிப்பயிற்சியன்று, பாடுவோரோடு கூடி வாசித்தலே. தேவாரத்தைத் தாளமின்றிச் சுத்தாங்கமாகப் பாடும்போது மிருதங்கம் அமைதியாக இருத்தல் வேண்டுமென்பதும், தாளத்தோடு பாடத் தொடங்கியதும் எவ்விடத்திற் சேர்வதென்பதும், பாடுவோர் மூச்சு வாங்குமிடத்து எவ்வளவு நிரப்புவதென்பதும் பலகையிற் கற்கலாகாதவை. முன்னாளில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைவரை சிறு புகைவண்டி யொன்று ஓடியது. அது 1940களில் நின்றுபோயிற்று. இப்பொழுது ஆசிரியர் பேருந்தையே நம்பி வரவேண்டியிருத்தலின், மழைக்காலத்து ஞாயிறுகள் சில தவறுவதுண்டு. அன்று மாணாக்கர் கலைந்து போகாது, தம்முள் ஒருவர் பாட ஒருவர் வாசிக்க.

இனி, சொல்லாது விடின் எம் நெஞ்சு பொறாத செய்தியொன்று உண்டு. சில ஆண்டுகளின் முன் பதினான்கு வயதுச் சிறுவனொருவன் எம் வகுப்பிற்கு வந்தான். அவன் தந்தையும் பாட்டனாரும் தப்பு அடிப்போர். முற்காலத்தில் விடியற்பொழுதிற் றொழிலாளரைத் துயிலெழுப்பிப் பிரட்டுக்கு அழைத்ததும் தப்பொலியே. மலைநாட்டுக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) தேயிலைத் தோட்டத்தைப் பற்றிப் பாடிய ஆங்கிலப் பாவிலும் அவ்வைகறை முழக்கம் ஒலிக்கின்றது. மாசியிற் காமன் கூத்து நிகழும் இரவுகளிலெல்லாம் அச்சிறுவன் தந்தையின் பக்கத்தில் நின்று அடித்துப் பழகியவன். அவன் கைக்குத் தாளம் முன்பே தெரியும். எம்முள் முதியோர் சிலர், தப்படித்த கையைக் கோயில் மிருதங்கத்திற் படியவிடலாமாவென்று முணுமுணுத்தனர். அவரை மறுத்துரைக்கும் துணிவின்றி, “தப்பை மறந்துவிட்டு முதற் பாடத்திலிருந்து தொடங்கு” என்று அச்சிறுவனுக்கு விதித்தேம். ஆறு திங்கள் அவன் தனக்குத் தெரிந்ததனை மறக்கவே முயன்றான். நேரமில்லாத ஒரு பிள்ளையின் ஆறு திங்களை வீணாக்கியவர் யாமே.

திருநாளைப்போவார் நாயனார் திருக்கோயிற் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத்தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்துத் தொண்டுசெய்தாரென்று சேக்கிழார் பெருமான் பாடியதனைப் படித்த நாம், தோலிசையில் இழிவு காண்பது எங்ஙனம்? ஒருநாள் அச்சிறுவன் ‘தகிட’ நடையில் இடறிக்கொண்டிருக்க, சலிப்புற்று, “உங்கள் அப்பா காமன் கூத்தில் இதை எப்படி அடிப்பார்?” என்று கேட்டேம். அவன் பலகையைத் தள்ளிவிட்டு இரண்டு குச்சியை எடுத்துத் தரையில் அடித்தான். ஒரு மாத்திரையும் வழுவாத மூன்றன் நடை! அவனுக்குத் தெரியாதது தாளமன்று, நாம் அதற்கு இட்ட பெயரே. அன்றுமுதல் ஒவ்வொரு புதுப்பாடத்தையும் அவன் முதலிற் றப்பில் அடித்துக்காட்டுவான்; பின்னர் வாயாற் சொல்வான்; பின்னர் மிருதங்கத்திற்கு மாற்றுவான். ஏனையோர் மூன்று கிழமையிற் கற்றதனை அவன் ஒரு கிழமையிற் கற்றான். மாணாக்கன் முன்பே அறிந்ததனோடு புதியதனைப் பிணைத்தலினும் பொழுதை மிச்சப்படுத்தும் வழி வேறில்லை. கும்மி கொட்டத் தெரிந்த பெண்ணுக்கும், கோலாட்டம் ஆடிய சிறுவர்க்கும் இஃது ஒக்கும். முணுமுணுத்த முதியோர் சிலர் இன்னும் முணுமுணுக்கின்றனர். சென்ற மார்கழியில் அச்சிறுவனே (இப்பொழுது இளைஞன்) திருவெம்பாவைக்கு வாசித்தான். அவர்தம் லயத்து வாயிலிலும் நின்று வாசித்தான்.

கொழும்பிலுள்ளோர்க்கு ஒரு வார்த்தை. பலர் ஓரறையிற் கூடியுறங்குமிடத்திற் கருவி கொண்டுசெல்லல் இயலாது. பலகையும் ஒருவேளை இயலாது. பேருந்தில் நிற்கும்பொழுதும் கடை திறக்குமுன்னும் சொற்கட்டுச் சொல்லலாம்; கைப்பேசியில் ஆசிரியர் சொல்லிப் பதிவுசெய்து அனுப்பும் பாடத்தைக் கேட்டு விரலாற் றொடையிற் றட்டலாம். விடுமுறையில் வந்தவுடன் முதனாளே மூன்றாங் காலம் வாசிக்கப் புகுந்து கையை நோவச்செய்வோர் பலர். பல திங்கள் ஓய்ந்திருந்த மணிக்கட்டுக்கு முதலிரண்டு நாள் முதற் காலமே போதும். குளிர்ந்த காலையாயின் கையை வெந்நீரில் நனைத்துத் துடைத்தபின் தொடங்குக. ஊர் மீளுமுன்னர், தொப்பியில் ஒட்டிய ரவையைச் சிறிதும் எஞ்சாது ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலரவைத்து, கம்பளியிற் சுற்றி, வீட்டிலுள்ள தம்பிக்கோ தங்கைக்கோ அதன் பொறுப்பை ஒப்புவித்துச் செல்க. அப்பிள்ளை அதனைத் தொட்டுப் பார்க்க விரும்பின் தடுக்கவேண்டா. ‘தகதிமி’ ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பேருந்தேறுக.